பட்டு மட்டும் வேண்டாம்

மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்காமல் எந்தத் துணியையும் சேனாதிபதி வாளியில் போடுவதில்லை. வட்டக்கானல் விடுதியிலிருந்து வந்த மூட்டையைத் துவைகல்மேல் அவிழ்த்துக் கொட்டி, விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, கறை இருக்கிற இடத்தை மூக்கோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். "இது சாக்லேட். இது டீ. இது..." இன்னொரு முறை இழுக்கிறார். "ஸ்ட்ராபெர்ரி ஜாம்."

"அண்ணே, அது நகப்பாலிஷு," என்கிறார் மூட்டையோடு வந்த விடுதி மேலாளர் ஹரிகிருஷ்ணன்.

"அதான பாத்தேன். ஜாமு ஏன் இப்பிடி நாறுதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்." ஹரிகிருஷ்ணன் சிரிப்பதற்குள் அவரே சிரித்துவிடுகிறார். தன்னைப் பற்றிய சிரிப்பில் எப்போதும் முதல் ஆளாக நின்றுகொள்வது அவர் வழக்கம்.

கொடைக்கானல் ஆனந்தகிரியில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது அவருடைய சலவைக்கடை. பேரைக் கேட்டுப் புருவம் தூக்குகிறவர்களிடம், "பேருதான் சேனாதிபதி. சேனைன்னு பாத்தா நாலு வாளியும் ரெண்டு பிரஷ்ஷும்தான். சண்டை அழுக்கோட. பெரும்பாலும் அதுதான் செயிக்கும்," என்பார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. எந்நேரமும் தண்ணீரில் ஊறி, விரல் நுனிகள் உலர்ந்த திராட்சைபோலச் சுருங்கிக் கிடக்கும்.

அவருக்குத் தெரிந்த ஒவ்வொரு வித்தையும் ஏதோ ஒரு துணி செத்ததனால் வந்தது. அதை அவர் மறைப்பதில்லை. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று எப்படித் தெரியும்? "சுடுதண்ணிய ஊத்தி வேக வச்சேங்க. முட்டை மாதிரி கெட்டியாகி ஒட்டிக்கிருச்சு. இன்னைக்கும் அந்தத் தலகாணி உறை எங்கயாச்சும் செகப்பாத்தான் இருக்கும்." பைன் மரக் காட்டில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களின் கால்சட்டையில் ஒட்டும் பிசினுக்கு யூகலிப்டஸ் தைலம் என்று கண்டதும் அப்படித்தான். முதலில் பிளேடால் சுரண்டி, பிசினோடு துணியையும் எடுத்திருக்கிறார்.

மஞ்சள் கறையில் சோப்புப் போட்டால் முதலில் சிவக்கும். பயப்படாமல் அலசி வெயிலில் போட்டால் தானே வெளிறிவிடும். "ஆனா நம்ம ஊரு வெயிலு மச்சினன் மாதிரிங்க. வந்துட்டான்னு வெளிய எட்டிப் பாக்குறதுக்குள்ள கெளம்பிப் போயிருவான்." வெயிலுக்காக இப்படிக் காத்துக் கிடந்த ஒரு மழைக்காலத்தில் பொறுமையிழந்து, பிளீச்சிங் தண்ணீரில் கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கலந்துவிட்டார். புகை கிளம்பி, கண்ணும் தொண்டையும் எரிந்து, இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினார். "கறை அப்பிடியேதான் இருந்துச்சு. நான்தான் ரோட்டுக்கு வந்துட்டேன்." இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் மட்டும் சிரிப்பை நிறுத்தி, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து, "ரெண்டையும் சேக்காதீங்க. ஆளைக் கொன்னுரும்," என்பார்.

புதிதாக யாராவது பட்டுச் சேலையோடு வந்தால் அவரே தடுத்துவிடுவார். "யோசிச்சுக்கங்க. என் வீட்டம்மா பட்டுச் சேலையே என்கிட்ட வராது."

அது உண்மை. கல்யாணமான புதிதில், மனைவி குஞ்சம்மாளின் அரக்கு நிற முகூர்த்தப் பட்டில் பாயசம் சிந்திய இடம் ஒன்று திட்டாக இருந்தது. அப்போதுதான் கடை திறந்திருந்தார். புது மனைவிக்குத் தன் தொழிலின் மகிமையைக் காட்டுகிற ஆசையில், பருத்தி விரிப்புக்கு ஊற்றும் பிளீச்சிங் திரவத்தைப் பட்டில் ஊற்றினார். அரக்கு பழுப்பானது, பழுப்பு மஞ்சளானது. "எப்பிடி இருக்குன்னு விரலை வச்சுப் பாத்தேன். விரலு அந்தப் பக்கம் போயிருச்சு."

குஞ்சம்மாள் சண்டை போடவில்லை. சேலையை மடித்து உள்ளே வைத்தாள். அன்று தொட்டு அவளுடைய பட்டுகள் எல்லாம் பையில் ஏறி, பஸ்ஸில் வத்தலக்குண்டு போய், அங்கே வேறொருவர் கையால் சுத்தமாகி மலையேறி வருகின்றன. கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சிரிக்கிற சேனாதிபதி, அந்தப் பை வீட்டை விட்டுக் கிளம்புகிற காலைகளில் மட்டும், "சோலி கெடக்கு," என்று வெள்ளனே கடைக்குப் போய்விடுவார். போய்ச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. வாளிகளைக் கவிழ்த்து, மறுபடி நிமிர்த்தி வைத்துக்கொண்டிருப்பார்.

போன ஆவணியில் குஞ்சம்மாளின் தங்கை பாப்பம்மாள் பழனியில் தன் மகள் புவனாவுக்குக் கல்யாணம் வைத்தாள். அடிவாரத்துப் பக்கம் மண்டபம். முகூர்த்தம் நெருங்குகிற நேரத்தில், மணப்பெண் அறையில் யாரோ குத்துவிளக்கைத் தூக்க, அதிலிருந்த எண்ணெய் தளும்பி புவனாவின் மடியில் கொட்டிவிட்டது. மாம்பழ நிறப் பட்டு. எண்ணெய் பட்ட இடம் கருத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமானது.

"ஐயோ, முகூர்த்தச் சேலை!" என்று பாப்பம்மாள் போட்ட சத்தத்தில் தாழ்வாரமே அறைக்குள் வந்துவிட்டது. ஒருத்தி சுடுதண்ணீர் என்றாள். ஒருத்தி ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள். "மச்சான் கடையே வச்சிருக்காருல்ல, வெரசாக் கூப்பிடுங்க!" என்றாள் பாப்பம்மாள்.

"அவரை மட்டும் கூப்பிடாத," என்றது குஞ்சம்மாளின் குரல். "நம்ம வீட்டுல ஒரு முகூர்த்தப் பட்டு போனது போதும்."

கையில் காபியோடு வாசலில் வந்து நின்ற சேனாதிபதி அதைக் கேட்டார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாய் தானாகத் திறந்தது. "அவ சொல்றது சரிதான். நான் தொட்டேன்னா பொண்ணு தாவணியிலதான் மணவறைக்குப் போகணும்."

அந்த நெருக்கடியிலும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இத்தனை வருஷமாகத் தன்னைத்தானே விற்றுவந்த நகைச்சுவை நன்றாகத்தான் விலை போயிருக்கிறது என்று தோன்றியது. அவரை ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. புவனா தலையைத் தூக்கவில்லை. அழுதால் மை கலையுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு மடியையே பார்த்தபடி இருந்தாள். ஷாம்புக்காரி ஈரத் துண்டோடு குனிந்தாள்.

"கையை எடு தாயி!"

தன் குரல்தானா என்று சேனாதிபதிக்கே சந்தேகமாக இருந்தது. டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்த் தரையில் மண்டியிட்டார். "யாரும் தேய்க்காதீங்க. தண்ணி கூடாது, சூடு கூடாது." அலங்காரம் செய்ய வந்த பெண் தலைமுடி உலர்த்தும் கருவியை நீட்டினாள். "அதைத் தள்ளி வையும்மா. சூடு பட்டா எண்ணெய் உள்ளயே தங்கிரும்."

பிறகு தலையை நிமிர்த்தி, கதவோரம் நின்றிருந்த மனைவியைப் பார்த்தார். "குஞ்சம்மா, பவுடர் வேணும். வாசனைப் பவுடர். யாராவது கைப்பிள்ளைக்காரி கிட்ட இருக்கும்."

குஞ்சம்மாள் அசையவில்லை. அவரிடம் ஏதோ ஒரு சிரிப்பை எதிர்பார்த்தவள்போல முகத்தையே பார்த்தாள். அங்கே சிரிப்பு இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு அத்தை மடியிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "மலைக்கோயில் விபூதி. இதைப் போடுங்க, எல்லாம் சரியாகும்."

"அதை என் நெத்தியில பூசி விடுங்க அத்தை, எனக்குத்தான் இப்ப வேணும். சாம்பல் பட்டுச் சாயத்துக்கு ஆகாது."

அதற்குள் குஞ்சம்மாள் போய்விட்டிருந்தாள். திரும்பி வந்தபோது அவள் கையில் குழந்தைப் பவுடர் டப்பா இருந்தது. சொல்லாமலே, பந்தியில் வைக்கும் காகிதக் கைத்துண்டுகளும் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தாள்.

துணிக்கு அடியில் காகிதத்தை வைத்து, மேலே இன்னொன்றை வைத்து, தேய்க்காமல் அழுத்தி எடுத்தார். காகிதம் எண்ணெயைக் குடித்தது. காகிதத்தை மாற்றினார். பிறகு பவுடரைக் கொட்டிக் கறையை மூடினார். "இனி யாரும் தொடாதீங்க. அது குடிக்கட்டும்." தானும் தொட்டுவிடாமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"பெரியப்பா, போயிருமா?" என்றாள் புவனா.

நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை வந்து நின்றது. விழுங்கினார். "முழுசாப் போகாது தாயி. பாதிக்கு மேல கொறையும். மிச்சத்தைக் கொசுவத்துக்குள்ள தள்ளிவிட்டா வெளிய தெரியாது. கல்யாணம் முடிஞ்சதும் நல்ல டிரைகிளீனிங் கடையா பாத்துக் குடு. எண்ணெய் பட்டது, பவுடர் போட்டதுன்னு அங்க மறைக்காமச் சொல்லிரு."

தட்டி உதறினார். மறுபடி கொட்டினார். கட்டிப்போன தூளை வாயால் ஊதினார். அது முகமெங்கும் பறந்தது. வெளியே நாதஸ்வரம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் முறை உதறியபோது, கருப்பு இருந்த இடத்தில் மெல்லிய நிழல் மட்டும் மிஞ்சியது. குஞ்சம்மாள் குனிந்து, கொசுவத்தை ஒரு மடிப்புத் தள்ளிச் செருகினாள். நிழலும் காணாமல் போனது. பாப்பம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ, "பொண்ணைக் கூப்பிடுறாங்க," என்றார்கள். அறை காலியானது.

பந்தியில் சேனாதிபதியிடம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வடை இரண்டாம் முறை வந்ததா என்பதுதான் அங்கே பேச்சு.

சாயங்காலம் கொடைக்கானல் பஸ் மலையேறத் தொடங்கியபோது, பச்சைப் பட்டில் ஜன்னலோரம் குஞ்சம்மாள், பக்கத்தில் அவர். வளைவுகளில் காற்று குளிர்ந்துகொண்டே வந்தது.

"நல்லவேளை, பழக்கதோசத்துல பிளீச்சிங் கேட்காம விட்டேன்," என்றார்.

அவள் சிரிக்கவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். புருவத்திலும் மீசை ஓரத்திலும் பவுடர் வெள்ளையாக அப்பியிருந்தது. காலையிலிருந்து ஒருவரும் சொல்லவில்லை. முந்தானையை எடுத்து விரலில் சுற்றி ஒரு புருவத்தைத் துடைத்தாள்.

"ஏய், பட்டு. பட்டுல போயித் துடைக்கிற," என்று பின்னுக்குச் சாய்ந்தார்.

அவர் முகவாயை ஒரு கையால் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, மற்றப் புருவத்தையும் துடைத்தாள்.