பிலோமினா மேடம் நிரப்பிய கேலரி

செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்குத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் சுகந்தி. ஒரு காலத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து அணித் தலைவி. இப்போது பெங்களூரின் பீன்யா பகுதியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. "சார், பிலோமினா மேடம் போயிட்டாங்க. விடியக்காலையில, தூக்கத்துலயே" என்றார். பிறகு, "பேப்பர்ல போடுவீங்களா சார்?" என்று கேட்டார். போடுகிறேன் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் நாக்கு கூசியது. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

பிலோமினா மேடத்தை அறியாதவர்களுக்காக: கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். கன்டோன்மென்ட் பக்கம் இருந்த அந்தக் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றியவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தொம்மலூரில் தம்பி வீட்டு மாடியில் இரண்டு அறைகளில் வசித்தார். அணியைப் பயிற்றுவிக்க வேறொருவர் இருந்தார். மேடம் தமக்கென்று எடுத்துக்கொண்ட வேலை, ஆட்டத்தைப் பார்க்க ஆட்களை வரவழைப்பது.

அவரை நான் முதலில் அறிந்தது குரலாகத்தான். நான் அப்போது தமிழ் நாளிதழ் ஒன்றின் பெங்களூர்ப் பதிப்பில் விளையாட்டுச் செய்தியாளன். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, நாளை கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டம் இருக்கிறது, வருவீர்களா என்று கேட்டார்.

"ரிசல்ட்டை போன்ல சொல்லிடுங்க மேடம், போட்டுடறேன்."

"ரிசல்ட்டை யார் வேணும்னாலும் சொல்லலாம் சார். எத்தனை பேர் பார்த்தாங்கன்னு வந்து பார்த்தாத்தானே எழுத முடியும்?"

போனேன். பதினொரு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் வாட்ச்மேன், ஒருவர் டீ கொண்டுவந்தவர். ஐந்து வரிசை சிமென்ட் படிகள் வெயிலில் காய்ந்து கிடந்தன. மேடம் என்னிடம் வந்து, "உங்களோட சேர்த்து பன்னிரண்டு" என்றார்.

அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் படிகள் மெல்ல மெல்ல நிரம்பியதை நான் நேரில் பார்த்தேன். மேடம் ஒவ்வொரு வீராங்கனையின் வீட்டுக்கும் போனார். தங்கவயலிலிருந்து வந்து படித்த பெண்கள் அணியில் பலர். அவர்கள் வீட்டார் மாரிகுப்பம் ரயிலில் வந்து, மாலை ரயிலிலேயே திரும்ப வேண்டும். அதனால் சொந்த மைதானத்து ஆட்டங்களை மூன்று மணிக்கு வைத்தார்.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்றை வேறெங்கும் நான் கண்டதில்லை. வாசலில் நின்று, வருபவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பார். அதில் ஒரு ஜெர்சி எண் இருக்கும். அந்த எண்ணை அணிந்து ஆடுபவருக்காகத்தான் சீட்டு வாங்கியவர் கத்த வேண்டும். சொந்த மகளின் எண் மட்டும் வராதபடி பார்த்துக் கொடுப்பார்.

சுகந்தியின் தந்தை மாணிக்கம், மூடப்பட்ட சுரங்கத்தில் கடைசி வரை இருந்த தொழிலாளி. முதல் நாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது? எம் பொண்ணு ஏழாம் நம்பரு. பதினொண்ணுன்னு குட்த்துக்கிறீங்க?"

"சரியாத்தான் கொடுத்திருக்கேன் அண்ணே. உங்க பொண்ணுக்குக் கத்த வேற ஆள் போட்டாச்சு."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

"மேட்ச் பார்க்க."

அந்த வேறு ஆள், மல்லேஸ்வரத்திலிருந்து வந்திருந்த, இன்னொரு வீராங்கனையின் தாய் கௌரம்மா. தமிழ் ஒரு சொல் தெரியாது. சுகந்தி பந்தோடு வளையத்தை நெருங்கியபோதெல்லாம் எழுந்து நின்று, "ஹாக்கு சுகந்தி, ஹாக்கு!" என்று கன்னடத்தில் கூவினார். போடு, போடு என்று ஊர் பேர் தெரியாத ஒருவர் தம் மகளுக்காகத் தொண்டை கிழியக் கத்துவதை மாணிக்கம் வாய் பிளந்து பார்த்தார். பிறகு அவரும் பதினொன்றுக்குக் கத்தினார். ஆர்வம் மிஞ்சி நடுவரையும் ஏசினார். மேடம் ஓடி வந்து அதட்டினார்: "ரெஃபரியை ஏசாதீங்க அண்ணே! பாவம், அவருக்குக் கத்த ஒருத்தரும் வரல."

இதையெல்லாம் ரசித்து எழுதியவன் நான்தான். இனி எழுதப்போவதும் நான் செய்ததுதான்.

ஒரு கல்வியாண்டின் நடுவில், மைதானம் இருந்த இடத்தில் புதிய வகுப்புக் கட்டடம் எழுப்பலாம் என்று கல்லூரி நிர்வாகக் குழு யோசித்தது. யாரும் பார்க்க வராத ஆட்டத்துக்கு இத்தனை இடமா என்று ஓர் உறுப்பினர் கேட்டிருக்கிறார். வருகிறார்கள் என்றார் மேடம். அந்த ஆண்டு இறுதி ஆட்டம் அந்த மைதானத்தில்தான் நடக்க இருந்தது. அது முடியட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்று குழு சொல்லிவிட்டது. குழுவினர் யாரும் ஆட்டம் பார்க்க வருபவர்கள் அல்லர், செய்தித்தாள் பார்ப்பவர்கள். மேடத்துக்கு அது தெரியும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தங்கவயலுக்குப் போய்த் தொழிலாளர் குடியிருப்பில் வீடு வீடாக அழைத்தார். பிறகு என்னை அழைத்தார். "சார், இந்த ஒரு மேட்ச்சுக்கு மட்டும் கடைசி வரை இருங்க." இருக்கிறேன் என்றேன்.

அன்று காலை மழை. வழியில் தண்டவாளத்தில் மரம் விழுந்து, தங்கவயல்காரர்கள் வந்த ரயில் நின்றுவிட்டது. ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். மேடம் மறுத்தார். "எதிர் டீம் நேரத்துக்கு வந்திருக்காங்க. அவங்களை எப்படி காக்க வைக்கிறது?" மூன்று மணிக்கு விசில் ஊதப்பட்டது. படிகளில் இருந்தவர்களை எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர்.

நகரின் மறுகோடியில், நாலரை மணிக்கு மாநில கிரிக்கெட் அணி அறிவிப்பு இருந்தது. அங்கே போகும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. அது முதல் பக்கத்தில் வரும் செய்தி. இது பன்னிரண்டாம் பக்கம். இடைவேளையில் எழுந்தேன். மேடம் வாசலில் சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். "போயிட்டு வந்துடறேன் மேடம்" என்றேன். திரும்பி வர முடியாது என்பது எனக்குத் தெரியும். அவர் தலையசைத்தார்.

முடிவைப் பயிற்சியாளரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். மேடத்தின் கல்லூரி இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. வேறு எதையும் நான் கேட்கவில்லை. மறுநாள் என் பெயரோடு செய்தி வந்தது: "காலி கேலரியின் முன்னே இறுதி ஆட்டம்." நாற்பத்து மூன்று பேர் என்ற எண்ணும், முதல் பாதியில் எடுத்த வெற்றுப் படிகளின் படமும் இருந்தன. எண் சரியானது. அது எந்த நேரத்து எண் என்பதை மட்டும் நான் எழுதவில்லை.

செய்தி வந்த அன்று மாலையே மேடம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் குடை. உட்காரவில்லை.

"நீங்க கிளம்பி பத்து நிமிஷத்துல வந்துட்டாங்க சார். படி பத்தாம சுத்தி நின்னாங்க."

"நான் இருந்தப்ப நாற்பத்து மூணு பேர்தான் மேடம்."

"நீங்க இருந்தப்ப" என்றார். பிறகு, "ஒரு திருத்தம் போட முடியுமா? ரெண்டு வரி போதும்" என்றார்.

"பார்க்கிறேன் மேடம்."

எங்கள் தொழிலில் பார்க்கிறேன் என்றால் மாட்டேன் என்று பொருள். ஆசிரியரிடம் நான் வாயே திறக்கவில்லை. திருத்தம் போட்டால் பாதி ஆட்டத்தில் எழுந்து போனதை அலுவலகத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். முழு ஆட்டத்தையும் பார்த்தவன் போல் எழுதியிருந்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்ததாகச் சொல்ல எனக்கும் ஆசைதான்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மேடம் நடந்ததைச் சொன்னார். "பேப்பர்லயே வந்திருக்கே" என்று ஒருவர் அந்தச் செய்தியை மேசையில் வைத்தாராம். அடுத்த கல்வியாண்டில் மைதானத்தைத் தோண்டினார்கள். அணி இரண்டு ஆண்டுகள் அடுத்தவர் மைதானங்களில் ஆடிவிட்டுக் கலைந்தது. அந்த இரண்டு வரி வந்திருந்தால் மைதானம் பிழைத்திருக்குமா? தெரியாது.

பல ஆண்டுகள் கழித்து மல்லேஸ்வரத்தில் ஒரு காபிக் கடையில் அவரைச் சந்தித்தேன். ஓய்வு பெற்றிருந்தார். முழங்கால் வலி, நகரப் பேருந்து, மெட்ரோ என்று பேசினோம். துணிந்து, "அன்னிக்கு நான் செஞ்சது தப்பு மேடம்" என்று தொடங்கினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட சொல்லி என்ன சார்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க."

கோபமே இல்லாத குரல். சரி என்றேன். அதற்குப் பிறகும் எழுதவில்லை. அவர் உயிரோடு இருந்த ஒவ்வொரு நாளும் அதற்கான நாளாக இருந்தது.

புதன்கிழமை, மேடத்தின் இறுதிச் சடங்கின்போது தேவாலயத்தில் மாணிக்கத்தைப் பார்த்தேன். கைத்தடியோடு வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார்.

"அந்த பைனல்ஸ் பேப்பரை எம் பொண்ணு இன்னும் வச்சிக்கினு இருக்கா சார். யாரும் வரலைன்னு போட்டிருந்தாலும் அவ ஜெயிச்சது அதுலதானே இருக்கு?" என்றார். கைத்தடியைப் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு, "நாங்க வந்தோம் சார். நீங்கதான் இல்ல" என்றார்.

அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னேன். செய்தியாளனாக அன்றே கேட்டிருக்க வேண்டியது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் சொன்னார். குறித்துக்கொண்டேன். சுகந்தியிடமும் பயிற்சியாளரிடமும் கேட்டுச் சரிபார்த்தேன். இது அந்தத் திருத்தம்:

அந்த இறுதி ஆட்டம் காலி கேலரியின் முன்னே நடக்கவில்லை. தாமதமான ரயிலில் வந்தவர்கள் காலை மழையில் நனைந்த உடையோடு நிலையத்திலிருந்து ஓடி, இரண்டாம் பாதி தொடங்கும்போது மைதானத்தை அடைந்தார்கள். ஐந்து வரிசைகளும் நிரம்பின. இடம் கிடைக்காதவர்கள் ஆடுகளத்தைச் சுற்றி நின்றார்கள். ஆட்ட நாட்களில் ஒருபோதும் உட்காராத உடற்கல்வி இயக்குநர் பிலோமினா, கடைசிப் பத்து நிமிடங்கள் நனைந்த கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து கத்தினார். செய்தியாளர் அப்போது அங்கே இல்லை.

விடை கொடுங்கள், மேடம்.