சிட்டு உயரத்துக்கு ஒரு சமையலறை

சிட்டு என்பது அவளுடைய நிஜப் பெயர் அல்ல. நிஜப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். நாலரை அடிக்குச் சற்றே கூடுதலான உருவம். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் பெஞ்சு, குரூப் போட்டோவில் தரையில் உட்காரும் வரிசை. கட்டிக்கொண்டதோ வாசலில் குனிந்து நுழைகிற பள்ளி பஸ் டிரைவரை. இருவரும் சேர்ந்து நடந்தால் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சிட்டுவும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஆனால் சமையலறைக்குள் போனால் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வராது.

அதுவரை இருந்ததெல்லாம் வாடகை வீடுகள். எந்த மகராசன் எந்தக் காலத்தில் தீர்மானித்தானோ, அத்தனை வீட்டிலும் அடுப்பு மேடை ஒரே உயரம். மேடைமேல் அடுப்பு, அடுப்புமேல் பாத்திரம். பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறதென்று பார்க்கச் சிட்டு முக்காலியில் ஏற வேண்டும். ஏறிக் கிண்டுவாள், இறங்கி வெங்காயம் எடுப்பாள், மறுபடி ஏறுவாள். ஒருநாள் கொதிக்கிற வெந்நீரோடு முக்காலி சாய்ந்து, முழங்காலில் தழும்பு விழுந்தது. அதோடு முக்காலியை விட்டுவிட்டுத் தரையில் நின்றே சமைத்தாள், தோளைத் தூக்கித் தூக்கி. எத்தனை வருஷம்தான் ஒரு தோள் பொறுத்துக்கொள்ளும்?

அவளுடைய பிழைப்பு திரைச்சீலை தைப்பது. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து வந்து தைத்துக் கொடுப்பாள். தோள்வலி துணி வெட்டும்போதும் வர ஆரம்பித்தது. கனத்த துணியில் கத்தரி பாதியிலேயே நின்றுவிடும். டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார்: "இப்படிக் கையத் தூக்கித் தூக்கி வேலை செஞ்சா, இன்னும் கொஞ்ச நாள்ல தையலையே விட வேண்டியிருக்கும்மா." ஏணியில் ஏறித் திரை மாட்டும் வேலையை அவள் துணி வாங்குகிற கடைக்காரரிடமே விட்டுவிட்டாள். அடுப்பை யாரிடம் விடுவது? டிரைவர் சமைக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். சமைத்தார். ஒரு வாரம் இருவரும் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினார்கள். அதன்பிறகு, நிறுத்திக்கொள்ளட்டுமா என்று அவரே கேட்டார்.

சொந்த வீடு வாங்குகிற அளவுக்குக் கையில் ஏதோ சேர்ந்தபோது, பார்த்ததில் இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று டிரைவரின் அக்கா இருக்கும் அடுக்குமாடியில், அவர் வீட்டுக்கு நேர் மேலே. பெயின்ட் வாசனை போகாத புது வீடு. கதவைத் திறந்து பெட்டியை வைத்தால் குடித்தனம் ஆரம்பம். சமையலறையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்: முகம் தெரிகிற கருங்கல் மேடை, சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு அலமாரி. சிட்டு மேடையருகே போய் நின்றாள். அது அவள் நெஞ்சுக்கு வந்தது.

இன்னொன்றை வீடு என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். கூரை ஒழுகியது, சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது; பழைய குடித்தனக்காரர்கள் போகும்போது குழாயைக்கூட விடாமல் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். சமையலறையில் மேடை கிடையாது, அலமாரி கிடையாது, தொட்டி கிடையாது. நாலு சுவரும் ஒரு ஜன்னலும்தான். டிரைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். சிட்டு உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. போய்ப் பார்த்தால், பையிலிருந்த தையல் சாக்கட்டியை எடுத்து, தன் இடுப்புக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்ததில்லை. அதனாலேயே அவருக்குப் பயம் வந்தது.

"பைத்தியமா சிட்டு? அந்தப் புது வீட்டையே வாங்கிட்டு, மேடைய மட்டும் இடிச்சுக் கட்டிக்கலாமே?"

"பளபளன்னு இருக்கிறத இடிக்க நீங்க விடவே மாட்டீங்க. இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிப் போடுவீங்க. எனக்கு உங்களத் தெரியாதா?"

அவருக்கும் தன்னைத் தெரியும். நாத்தனார்தான் பேசினார், இரண்டு பேருக்கும் சேர்த்து. "வீடுன்னா குடியிருக்கறதுக்கு, கொத்தனாருக்குச் சோறு போடறதுக்கா? ஒரு அடுப்பு மேடைக்காக யாராவது இடிஞ்ச வீட்ட வாங்குவாங்களா?"

"நான் வாங்குவேன் அண்ணி," என்றாள் சிட்டு. அதற்குமேல் அவளை அசைக்க ஆளில்லை. ஒற்றைக்காலில் நின்று அந்த இடிந்த வீட்டையே வாங்க வைத்தாள்.

அதன்பிறகு அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஓடு மாற்றுகிற நாள் பார்த்து மழை கொட்டியது. தலைமுடியிலிருந்து தலையணை உறைவரை சிமென்ட் தூசி. முன்னறையில் தையல் மெஷின், கட்டில், பக்கெட், அடுப்பு எல்லாம் ஒரே குவியல். டிரைவரின் பெருமூச்சு பஸ் ஹாரன் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லாமல் ஒருநாளும் போனதில்லை. ராத்திரி படுத்தால் சிட்டு மிச்சப் பணத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டே கிடப்பாள். காலையில் எழுந்து சுவரில் அந்தக் கோட்டைப் பார்ப்பாள், கொஞ்சம் தைரியம் வரும்.

கடைசியாகச் சமையலறை முறை வந்தது. அன்று சிட்டு ஒரு பெரிய வீட்டு ஜன்னல்களை அளக்கப் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பி நேராகச் சமையலறைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேடை எழும்பியிருந்தது. சாக்கட்டிக் கோட்டையெல்லாம் தாண்டி, ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற அதே உயரத்துக்கு. மேலே கல் பலகையும் ஏற்றியாகிவிட்டது. அது அவள் நெஞ்சுக்கு வந்தது.

கொத்தனார் பெருமையாகக் கையைத் துடைத்துக்கொண்டார். "கோடு தப்பா விழுந்திருந்துச்சுக்கா. நான் சரியான அளவுல கட்டிட்டேன். இத்தன வருஷமா எல்லா வீட்டுக்கும் இதே அளவுதான்."

டிரைவர் மெதுவாக வந்தார். "இருந்துட்டுப் போகட்டும் சிட்டு. கீழ நீளமா ஒரு பலகை அடிச்சுத் தரச் சொல்றேன். நாளைக்கு விக்கணும்னா, குட்டையான மேடையப் பாத்து யார் வாங்குவா?"

சிட்டு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மேடையின் ஓரத்திலிருந்து ஈரம் காயாத ஒரு செங்கல்லை உருவினாள். அடுத்ததை உருவினாள். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் உருவிய கல்லைத் தூக்கி எறியாமல் அடுக்கித்தான் வைத்தாள். செங்கல் என்ன சும்மாவா வருகிறது? நாலாவது கல்லுக்கு வலது கை மேலே எழும்பவில்லை. அப்படியே தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவர் அந்தத் தோளைப் பார்த்தார். பல வருஷமாகப் பக்கத்திலேயே இருந்த தோள்தான். அன்றுதான் அவர் கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கல் பலகையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க கொத்தனாரே."

"சார், ஊரு சிரிக்கும்…"

"சிரிக்கட்டும். சமைக்கப்போறது ஊர் இல்ல. தூக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டேதான் கொத்தனார் மறுபடி கட்டினார், இந்தத் தடவை கோட்டுக்கு இம்மி பிசகாமல். கட்டி முடிந்து, ஈரம் காய்ந்து, அடுப்பு வைத்த அன்று சிட்டு உள்ளங்கால் இரண்டும் தரையில் பதிய நின்று முட்டை பொரித்தாள். தோள் இறங்கியே இருந்தது. பாத்திரத்துக்குள் முட்டையின் ஓரம் சிவப்பதை மேலிருந்து குனிந்து பார்த்தாள். ராணி மாதிரி இருந்தது அவளுக்கு. தேவையே இல்லாமல் இன்னும் நாலு முட்டை பொரித்தாள். நாத்தனார் டம்ளர் கழுவப் போய், குனிந்து குனிந்து, "இடுப்பு போச்சே" என்றார். "எனக்குத் தோளே போச்சு அண்ணி," என்று சிட்டு சிரித்தாள். நாத்தனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டு வேலை முடிகிற கட்டத்தில், கொத்தனாருக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள் அவர் மனைவி. சிட்டுவைவிட ஒரு விரல்கடை குட்டை. தண்ணீர் கேட்டுச் சமையலறைக்குள் வந்தவள், மேடைமேல் இரண்டு கையையும் வைத்தாள். எடுக்கவே இல்லை. முழங்கையை மடக்கிப் பார்த்தாள், அடுப்புக்கு நேராக நின்று பார்த்தாள்.

"இதக் கட்டினது யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தான்," என்றாள் சிட்டு.

அவள் ஜன்னல் வழியாக எட்டி, வெளியே பூச்சுக்குக் கட்டிய சாரத்தில் நின்றிருந்த கணவனைப் பார்த்தாள். "என்னங்க, கொஞ்சம் கீழ இறங்கி வாங்க" என்றாள், ரொம்ப மரியாதையாக.

மறுநாள் கொத்தனார் வரவில்லை. வெளிச்சுவர் பூச்சு பாதியில் நின்றது. டிரைவர் கோபமாகப் போன் போட்டார். மறுமுனையில் மடார் மடாரென்று சம்மட்டிச் சத்தம்.

"சார், ரெண்டு நாள் லீவு வேணும்," என்றார் கொத்தனார், மூச்சு வாங்க. "எங்க வீட்டுல… மேடைய இடிச்சுக்கிட்டு இருக்கேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது: "போன வச்சிட்டு அளவப் பாருங்க! இன்னும் கொஞ்சம் கீழ!"