முனிரத்தினம் அவர்களும் அவருடைய அண்ணன் கத்தியும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆம்பூர் தோல் ஷாப்பில் பதனிட்ட ஆட்டுத்தோல்களை ரகம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்போம். பட்டை வண்டி ஓட்டிவந்த கன்னியப்பன் மாட்டைக்கூட அவிழ்க்காமல் உள்ளே வந்தான். "அண்ணா, பட்டைக்கார முனிரத்தினம் போய்ட்டாரு. ஒரு வாரமா ஜுரமாம். காலைல ஆத்தைத் தாண்டி வரும்போது கேள்விப்பட்டேன். சாயந்தரம் எடுக்கிறாங்களாம்" என்றான். கையிலிருந்த தோலை ரகம் பார்க்காமலேயே அடுக்கில் போட்டேன். எதிரே மேஸ்திரியின் மேசை. அதன் மேல் வழக்கம்போல அந்தக் கத்தி கிடந்தது.

முனிரத்தினம் அவர்களைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கத்தியும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். ஜவ்வாது மலை அடிவாரம் முழுக்க நடந்து, பட்டை உரிக்கிற இடத்துக்கே போய், நல்லது எது, மட்டம் எது என்று பார்த்து எடுப்பதுதான் அவருடைய வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியில்தான் இருப்பார். காக்கித் துணி சுற்றிய தண்ணீர்க் குப்பி, ஒரு கம்பளி, எங்கள் ஷாப்புத் தோலில் தைத்த ஒரு ஜோடி பூட்ஸ், இடுப்பில் கயிறு கட்டிய மடக்குக் கத்தி, இவ்வளவுதான் அவருடைய சொத்து. பட்டையைக் கத்தியால் சீவி வாயில் போட்டு மெல்லுவார். துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் துப்பிவிட்டு அடுத்த ஊருக்கு நடப்பார். மென்று மென்று அவருடைய பற்கள் செம்மண் நிறமாகிவிட்டன.

கத்தி அவருடைய அண்ணன் ஏழுமலையுடையது. ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்தில் சேர்ந்து, கடல் கடந்து பஸ்ராவில் கோவேறு கழுதை ஓட்டியவர். அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். கூட இருந்த ஊர்க்காரர் திரும்பி வந்தபோது இந்தக் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். கறுத்த கொம்புப் பிடி, ஒரு பக்கம் அலகு, மறுபக்கம் தடித்த ஊசி, நுனியில் ஒரு வளையம். உடம்பு வரவில்லை, கத்தி வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதைப் பிரித்து நல்லெண்ணெய் போட்டுத் துடைப்பார். ஒருமுறை கேலியாக, "சாமி படத்துக்குக்கூட இவ்ளோ பூசை கிடையாது போல" என்றேன். "சாமி துருப்பிடிக்காது பா. இது பிடிக்கும்" என்றார்.

யாருக்கும் அதை இரவல் கொடுக்க மாட்டார். எனக்கு மட்டும் ஒருமுறை உதவியிருக்கிறது. ஆலங்காயம் போகிற வழியில் என் காலில் முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. மூன்று மைல் என்னைத் தாங்கிக்கொண்டு நடந்தவர், மாடு கட்டியிருந்த ஒரு புளியமரத்தடியில் உட்காரவைத்து, பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அலகின் நுனியால் முள்ளை நோண்டி எடுத்தார். "கத்தாதடா, மாடு மிரளுது" என்றார். அந்தத் தழும்பு இன்னும் என் பாதத்தில் இருக்கிறது.

அவருடைய கெட்ட நேரம் ஒரு பட்டை வண்டியில் வந்தது. எடை ஏறுவதற்காகக் கட்டுகளுக்கு நடுவே தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் கத்தியைப் பிடி வரைக்கும் கட்டுக்குள் செருகி உருவினார். அலகு நனைந்திருந்தது. "மேல காய்ஞ்சிருக்கு, உள்ள ஊறியிருக்கு. வண்டியைத் திருப்பு" என்றார். வண்டி மேஸ்திரியின் மச்சானுடையது. அது ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். மேஸ்திரி உள்ளே போய்விட்டார்.

பதினைந்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு கட்டுத் தோல் திரும்பி வந்தது. பத்துப் பதினைந்து தோல்களில் வெட்டு. வெட்டு விழுந்த தோல் கழிவுதான். யார் செய்த வேலை என்று மேஸ்திரி கூச்சல் போட்டார். ஷாப்புக்குள் வெளிக்கத்தி கொண்டுவரக் கூடாது, கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். பட்டை பார்க்கிறவர் என்பதால் முனிரத்தினம் அவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. கட்டுப் போட்ட அன்று அவர் அந்த அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்கித் தின்றதை நாலு பேர் பார்த்திருந்தார்கள். எனக்கும் இரண்டு துண்டு கொடுத்தார்.

இனி நான் எழுதப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

தோலை உரிக்கும்போது கசாப்புக் கத்தி தவறிச் சதைப் பக்கத்தில் விழுகிற வெட்டு, பச்சைத் தோலில் சட்டென்று தெரியாது. பட்டைத் தண்ணீரில் ஊறி, இழுத்துக் காயப்போட்ட பிறகுதான் வாய் திறக்கும். அதனால் பச்சைத் தோல் வாங்குகிறவன் ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு, சதைப் பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அந்தத் தோல்களை மண்டியில் வாங்கியவன் நான். அன்று மழை. மயிர்ப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, நல்ல சரக்கு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பதனிட்டு வந்த பிறகு ரகம் பிரிக்கும்போதும் மேலே இருந்த நாலைந்தைப் பார்த்துவிட்டுக் கட்டுப் போட்டவன் நானேதான்.

பழைய வெட்டையும் புது வெட்டையும் எங்கள் தொழிலில் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. பச்சையில் விழுந்த வெட்டின் ஓரம் சுருண்டு, பட்டைச் சாறு ஏறிக் கறுத்திருக்கும். பதனிட்ட பிறகு விழுந்தது நேராக, வெளிறி இருக்கும். மேஸ்திரி ஒரு தோலை என் கையில் கொடுத்து, எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னா கோயிந்தசாமி, பழைய வெட்டா, புது வெட்டா?"

ஓரம் சுருண்டு கறுத்திருந்தது. பழையது என்று சொன்னால் அடுத்த கேள்வி, வாங்கியது யார் என்பதுதான். "புது வெட்டு மாதிரி தெரியுது" என்றேன்.

முனிரத்தினம் அவர்கள் என் பக்கத்தில் வந்து நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நல்லா பார்த்துச் சொல்லு பா" என்றார்.

"பார்த்துட்டேன் அண்ணா. புதுசுதான்."

கத்தியை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் மேஸ்திரி. முனிரத்தினம் அவர்கள் கயிற்றை அவிழ்த்து, அலகை மடித்து வைத்தார். "இது எங்க அண்ணன் கத்தி. வாரத்துக்கு ஒருவாட்டி எண்ணெய் போடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பதினெட்டு வருஷம் வேலை செய்த இடத்திலிருந்து அவர் பேசிவிட்டுப் போனது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம். தோலை வெட்டினவன் என்ற பேச்சு வாலாஜாபேட்டை வரைக்கும் போய்விட்டது, எந்த ஷாப்பிலும் அவரைச் சேர்க்கவில்லை. யாருடைய வண்டியிலோ பட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். கிழித்துப் பார்க்கக் கத்தி இல்லாமல் பல்லாலேயே பட்டையைக் கடித்து இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வேறு தெருவில் திரும்பியிருக்கிறேன். இங்கே மேஸ்திரி அவருடைய கத்தியால் பாக்கு சீவினார், அரக்கு முத்திரை உடைத்தார், ஆடுகிற மேசைக்கு அதை முட்டுக் கொடுத்தார். மழைக்காலத்தில் ஜன்னல் ஓரம் நனைந்து கிடந்தது. ஒரு சொட்டு எண்ணெய் போட்டதில்லை.

ஒரே ஒருமுறை பாலாற்று மணலில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். திரும்பிப் போக வழியில்லை. நலம் விசாரித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"கத்திக்கு எண்ணெய் போடுறாங்களா?"

"போடுறாங்க அண்ணா. வாராவாரம்."

அவர் முகம் தெளிந்துவிட்டது.

செத்த செய்தி கேட்ட அன்று நேராக மேசைக்குப் போய்க் கத்தியை எடுத்தேன். "யோவ், இன்னாத்துக்கு அது?" என்றார் மேஸ்திரி.

"முனிரத்தினத்துக்கு."

"செத்தவனுக்குக் கத்தி எதுக்குய்யா?"

ஏழு வருஷமாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். "அது பழைய வெட்டு மேஸ்திரி. நான் பார்க்காம வாங்கின தோலு."

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எனக்குத் தெரியாதா? பேஜார் பண்ணாம போய் வேலையைப் பாரு" என்றார். நான் வேலையைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வெளியே வந்தவன் இன்னும் அங்கே போகவில்லை.

ஆற்றைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்ஸும் தண்ணீர்க் குப்பியும் தலைமாட்டில் இருந்தன. கூடவே புதைக்க எடுத்து வைத்தது என்றார்கள். அவருடைய மனைவி மங்கம்மாள் அம்மாளிடம் கத்தியைக் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அந்த அம்மாள் அழவில்லை. "அவருக்குத் தெரியும். அன்னிக்கே வந்து சொன்னாரு. நீங்க ஒருநாள் வந்து உண்மையைச் சொல்லுவீங்கன்னு ஏழு வருஷமா பார்த்துனு இருந்தாரு" என்றார்.

பிறகு கத்தியைத் திறக்கப் பார்த்தார். நகத்தால் நெம்பினார், புடவைத் தலைப்பால் பிடித்து இழுத்தார். அலகு அசையவில்லை. விரலெல்லாம் துரு.

"எண்ணெய் போடுறாங்கன்னு சொன்னீங்களாமே" என்றார். "ஆத்துல உங்களைப் பார்த்துட்டு வந்து, அன்னிக்குத்தான் நல்லா சாப்பிட்டாரு."

கத்தியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருடைய பூட்ஸும் குப்பியும் அவரோடு மண்ணுக்குள் போயின. கத்தி என்னோடு வந்தது.

கருமாதிக்கு வருகிறவர்கள் முன்னால் படிப்பதற்காக இதை எழுதியிருக்கிறேன். ஆம்பூரிலிருந்து வாலாஜாபேட்டை வரைக்கும் அவரைத் தோல் வெட்டினவர் என்று சொன்ன வாய்கள் எல்லாம் இனி என் பெயரைச் சொல்லட்டும். தினமும் காலையில் கத்தியின் கீலில் எண்ணெய் விட்டுப் பார்க்கிறேன். அது இன்னும் திறக்கவில்லை.

அண்ணா, போய் வாருங்கள். நல்லா பார்த்துச் சொல்லு என்றீர்கள். நன்றாகப் பார்த்துவிட்டேன். ஓரம் சுருண்டு கறுத்திருந்தது. பழைய வெட்டு.