ஆலாக்களுக்காகச் சண்டை போட்டவள்

ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் விசைப்படகு ஓட்டும் அவளை ஊரே ‘படகு அக்கா’ என்றுதான் கூப்பிடும். பல் போன கிழவர்களுக்கும் அவள் அக்காதான். கொஞ்சம் வாய் நீளம். படகிலிருந்து ஒரு காகிதக் கோப்பையைத் தண்ணீரில் எறிந்துவிட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் கரை சேர்ந்தவர் கிடையாது.

கோடையில் ஆறு இளைக்கும்போது நடுவில் ஒரு மணல்திட்டு தலைகாட்டும். ஆற்று ஆலாக்கள் முட்டையிடுவது அங்கேதான். மஞ்சள் அலகும் கறுப்புத் தொப்பியுமாகப் பார்க்க மிடுக்கான பறவைகள். ஆனால் கூடு கட்டுவதில் மகா சோம்பேறிகள். மணலில் ஒரு குழி, அதில் முட்டை, தீர்ந்தது வேலை. மேலே அணையில் மின்சாரத்துக்காகக் கதவைத் திறந்தால் முழங்கால் அளவு தண்ணீர் விறுவிறுவென்று ஏறும். அப்புறம் குழியும் இருக்காது, முட்டையும் இருக்காது. வருஷா வருஷம் இதே கூத்து.

அவள் வயிறு எரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கதவைத் திறப்பவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

“ஏன்டா, திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணினா உன் விரல் தேஞ்சிடுமா?”

“மேலேர்ந்து சொல்றாங்க, நான் பட்டனை அமுக்குறேன். பறவையைக் கேட்டுட்டா அமுக்க முடியும்?”

ஒரு மாதம் அவனோடு பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் அவனே இறங்கிவந்து, போன் பண்ணுவதாக ஒப்புக்கொண்டான்.

இந்தக் கோடையில் அவள் புருஷனையும் இழுத்துக்கொண்டு திட்டில் இறங்கினாள். சாக்கில் மணலை நிரப்பி அடுக்கி, அதன்மேல் மணலில் குழி பறித்து முட்டைகளை ஏற்றி வைத்தார்கள். ஒரே நாளில் உயர்த்தினால் தாய்ப்பறவை மிரண்டு ஓடிவிடும் என்பதால் தினம் கொஞ்சமாக. ஆலாக்களோ நன்றி கெட்டவை, தலையிலேயே கொத்தின. பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்த புருஷன், “பொண்ணு பாக்க வந்தப்போ இதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லலையே” என்று முணுமுணுத்தான்.

தம்பி சொன்னபடி போன் செய்தான். தண்ணீர் வந்தது. சாக்குகளின் விளிம்புவரை ஏறி, அங்கேயே நின்றது. முட்டைகள் நனையவில்லை. அவள் கரையில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

அடுத்த சில நாட்களில் அணையில் நீர் குறைந்துவிட்டதென்று கதவை அடியோடு மூடிவிட்டார்கள். படகுத்துறைக்குச் சற்றுத் தள்ளி, திட்டுக்கும் ஒரு கரைக்கும் நடுவே ஓடிய ஆழமில்லாத கால்வாய் வற்றிப்போனது. காலையில் முதல் நடை படகை எடுத்தவள் பார்த்தது, திட்டின்மேல் சாவகாசமாக உலாத்திய தெருநாய்களை. சாக்கெல்லாம் மஞ்சள் கரு.

பயணிகளை நட்டாற்றில் வைத்துக்கொண்டே தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

“திறந்தாலும் திட்டுற, மூடினாலும் திட்டுற. நான் என்னதான்க்கா பண்றது?”

பயணிகளை இறக்கிவிட்டு நேரே அணை அலுவலகத்துக்குப் போனாள். கொஞ்சமாவது தண்ணீர் எப்போதும் ஓடட்டும் என்று கேட்டாள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷன்தான், உட்காரச் சொன்னார். “எனக்கும் ஆசைதாம்மா. மின்சாரம் கேக்கிறவங்க ஒரு பக்கம், குடிதண்ணி கேக்கிறவங்க ஒரு பக்கம். ஆத்துக்காகக் கேக்க இங்க ஒரு நாற்காலி கிடையாது.”

திரும்பி வந்தபோது ஆலாக்கள் மறுபடி குழி தோண்டிக்கொண்டிருந்தன, முன்னைவிடப் பள்ளமான இடத்தில். “அறிவு இருக்கா உங்களுக்கு?” என்று படகிலிருந்தே கத்தினாள்.

விடுமுறை நாளில் தம்பி மண்வெட்டியோடு வந்து நின்றான். மூன்று பேருமாக வற்றிய கால்வாயைத் தோண்டி, ஆற்றிலிருந்து தண்ணீரைத் திருப்பினார்கள். பிறகு சாக்குகளையும் வைத்தார்கள். நாய்கள் கரையில் நின்று குரைத்ததோடு சரி. ஆனால் வெயில் ஏறியிருந்தது. பாதி முட்டைகள் வெந்தேபோயின. மழைக்கு முன் சிறகடித்தவை இரண்டே குஞ்சுகள்.

“பாத்தியா, பறக்குது!” என்றான் தம்பி, வாயெல்லாம் பல்லாக.

“இவ்வளவு பெரிய ஆத்துக்கு ரெண்டு போதுமாடா?” என்றாள் அவள். கரையில் ஆட்கள் நேரமாகிறதென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் போய் எஞ்சினைக் கிளப்பினாள்.