ரகிக்கு ஒரு ரசீது

அர்கிரோவுக்கு அலுவலகம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. பேருந்து திரும்பும் முக்கில், ரொட்டிக் கடைக்கு மேல்மாடி. ஆனால் கிரீட் தீவின் கிழக்குமலைக்காரர்கள் படியேறி வந்து வரி யோசனை கேட்கிற ரகம் இல்லை. கோயில் வாசலில் நிறுத்திக் கேட்பார்கள். பெட்ரோல் பங்கில் கார்க் கண்ணாடியைத் தட்டிக் கேட்பார்கள். ஒருமுறை அடக்கத்துக்குப் போயிருந்தபோது, இறந்தவருடைய மைத்துனர் மண்ணைத் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே, டிராக்டர் டயரைச் செலவுக் கணக்கில் காட்டலாமா என்று காதோரம் கேட்டார். காட்டலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள் என்று அவளும் தலையைக் குனிந்தபடியே சொல்லி வைத்தாள்.

ஆடு மேய்க்கிற குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அந்தப் பட்டத்தின் நகலை அவளுடைய அப்பா மலைமேல் பாலாடைக்கட்டி காய்ச்சும் கொட்டகையில் மாட்டியிருந்தார். ஆடுகளுக்கும் தெரியட்டுமே என்பார்.

பட்டம் கற்றுக் கொடுத்ததை ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ள அவளுக்குச் சில வருடங்கள் பிடித்தன. ஆலிவ் எண்ணெய் விற்ற பணத்தோடு, வாங்குகிறவர் சேர்த்துக் கொடுக்கும் விற்பனை வரிப்பணத்தையும் எடுத்துப் புது வண்டி வாங்கிவிட்டு, கட்டவேண்டிய நாளில் தலையில் கைவைத்து உட்காருகிறவர்களிடம் சட்டம் பேசிப் பயனில்லை. அதனால் இப்படிச் சொல்வாள்: “அந்த வரி உங்க பணம் இல்ல. உங்க வீட்டுல தங்கியிருக்கிற விருந்தாளி. அரசாங்கம் வந்து கூப்பிடுற வரைக்கும் அதுக்குத் தனி அறை குடுங்க. விருந்தாளியை வித்துத் தின்னாதீங்க.” அது புரிந்தது. அதற்கப்புறம் ஊரில் பலபேர் வரிப்பணத்துக்கென்று வங்கியில் தனிக் கணக்கே வைத்துவிட்டார்கள்.

விருந்தாளி என்றால் அந்த ஊரில் அப்படி. அந்த விருந்தோம்பலே ஒருநாள் அவளுக்குத் தலைவலியாக வந்தது.

மனூசோஸ் அவளுடைய ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவர்; மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஊர்ச் சதுக்கத்து மரத்தடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்த எந்த மேசைக்கும் ஒரு குப்பி ரகியும் ஒரு தட்டு பழமும் கேட்காமலே வரும், காசு கிடையாது. திராட்சைச் சக்கையிலிருந்து அவரே காய்ச்சும் சரக்கு அது. ஜூன் மாதத்தில் சுற்றுலாப் பயணிகள் மாதிரித் தொப்பி போட்டுக்கொண்டு வரி அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். எல்லா மேசையிலும் ரகி இருந்தது. ஒரு பில்லிலும் இல்லை; பில் போடாமல் விற்கிறார் என்றுதான் அவர்களுக்குப் பட்டது. உபசாரம் என்றார் மனூசோஸ். வந்தவர்களில் மூத்தவரான பெண் அதிகாரி, எல்லா மேசைக்குமா என்று கேட்டார். மனுஷன் உட்கார்ந்திருக்கிற மேசைக்கெல்லாம் என்றார் இவர். இன்னொரு தடவை இப்படிப் பிடிபட்டால் இரண்டு நாள் கடையைப் பூட்டுவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்டில் மாதா திருநாள். அன்றைக்குத்தான் மனூசோஸின் பேத்திக்கு ஞானஸ்நானம். மகன் குடும்பத்தோடு ஜெர்மனியிலிருந்து வருகிறான், விருந்து கடையில்தான். திருநாள் வாரத்தில் அதிகாரிகள் ஊர் ஊராகச் சுற்றுவார்கள் என்பது அர்கிரோவுக்குத் தெரியும். பூட்டின கடை வாசலில் விருந்தா போடுவது? ரகி கொண்டுபோகும்போதே கல்லா இயந்திரத்தில் தட்டி, விலை பூஜ்யம் என்று ரசீது எடுத்து வைத்துவிடுங்கள், தீர்ந்தது விஷயம் என்றாள்.

கறி நறுக்கிக்கொண்டிருந்த மனூசோஸ் கத்தியைக் கீழே வைத்தார். “உபசாரத்தை எழுதி நீட்டணுமா? நான் என்ன மருந்துக் கடையா வச்சிருக்கேன்?”

“காசு கேக்கப் போறதில்லையே மாமா. பூஜ்யந்தானே.”

“அதுதான் இன்னும் கேவலம். ‘பாத்துக்கோ, உனக்கு ஓசியில ஊத்துனேன்’னு குத்திக் காட்டுற மாதிரி.”

அவருடைய மனைவி கரிஃபலியாவிடம் சொல்லிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சையே கேட்காத மனுஷன் உன் பட்டத்துக்கா பயப்படப் போகிறார் என்று அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அர்கிரோ மறுபடியும் கிளம்பிப் போய், இப்படி அடம்பிடித்தால் நான் எப்படி ஆடிட்டர் வேலை பார்ப்பது என்று கொஞ்சம் குரலை உயர்த்தினாள்.

“ஆடிட்டரம்மா,” என்றார் மனூசோஸ். “படிச்சு வந்த நாள்லேருந்து என் கணக்கை நீதான் பாக்குற. ஒரு காசு வாங்கினதில்ல. அதுக்கு எனக்கு என்னைக்காவது ரசீது குடுத்திருக்கியா?”

சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர் சிஃபிஸ், ஊருக்குத்தான் உபதேசம் என்று சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். படியிறங்கும்போது அர்கிரோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஊரெல்லாம் ரசீது, ரசீது என்று சொல்லித் திரிந்தவள், தன் ஞானத்தகப்பனுக்குச் செய்ததைத் தன் கணக்கில் ஒரு வரிகூட ஏற்றவில்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு காகிதத்தோடு வந்தாள். அந்த வருடத்துக்குச் செய்த வேலை ஒவ்வொன்றும் அதில் இருந்தது: வரிப் படிவங்கள், வேலையாட்களின் பதிவு, ஜூன் மாத நோட்டீசுக்கு எழுதிய பதில். ஒவ்வொன்றுக்கும் ஊரில் மற்றவர்களிடம் வாங்குகிற கட்டணம். அடியில் முழுத் தள்ளுபடி. செலுத்தவேண்டியது பூஜ்யம். அதற்கும் கீழே ஒரே ஒரு சொல்: உபசாரம்.

மனூசோஸ் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். திரும்ப மேலேயிருந்து படித்தார்.

“இவ்வளவா?”

“அதான் கழிச்சிட்டேனே மாமா.”

“கழிச்சது தெரியுது. இவ்வளவு செஞ்சிருக்கேங்கிறது இப்பத்தான் தெரியுது.”

தூசியே இல்லாத கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். காகிதம் குத்திக் காட்டுகிறதா மனூசோஸ் என்று சிஃபிஸ் கேட்டார்.

“வாயை மூடிட்டு சீட்டைப் போடு,” என்றார் மனூசோஸ். அந்தக் காகிதத்தைக் கல்லாவுக்கு மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். அதற்கப்புறம் கடைக்கு வந்தவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டியிருந்தது.

பிறகு என்ன, மனுஷனைப் பிடிக்க முடியவில்லை, எதைக் கொடுத்தாலும் ரசீது. ரகி பூஜ்யம். தர்பூசணி பூஜ்யம். கறிமேல் பிழிய இன்னொரு எலுமிச்சை கேட்டால் அதுவும் பூஜ்யம். எலுமிச்சைக்கெல்லாம் வேண்டாம் என்று அர்கிரோ தடுக்க வேண்டியதாயிற்று. புதுத் தகராறும் முளைத்தது. பக்கத்து மேசைக்கு இரண்டு குப்பி, எனக்கு ஒன்றா, இதோ எழுத்திலேயே இருக்கிறதே என்று சிஃபிஸ் இரண்டு ரசீதையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்டார்.

திருநாளுக்கு முந்தின மாலை, அதே பெண் அதிகாரி வந்தார், இந்தத் தடவை தொப்பி இல்லாமல். மேசை மேசையாகப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு குப்பிக்கு அடியிலும் ஒரு சீட்டு.

“எல்லா மேசைக்குமா?” என்றார் அதிகாரி.

“எல்லா மேசைக்கும்,” என்றார் மனூசோஸ்.

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. ரகி வேண்டாம், பணியில் இருக்கிறேன் என்றார் அதிகாரி. தண்ணீர் குடிக்கலாமில்லையா என்று கேட்டுவிட்டு, மனூசோஸ் கல்லாவைத் தட்டி, குளிர்ந்த தண்ணீரையும் அதன் அடியில் ஒரு சீட்டையும் கொண்டுவந்து வைத்தார். தண்ணீர், பூஜ்யம். அதிகாரி குடித்தார். போகும்போது சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். உதட்டோரம் ஏதோ அசைந்ததை கரிஃபலியா மட்டும் பார்த்தாளாம்.

மறுநாள் பேத்தி தண்ணீரில் முங்கி ஊரைக் கூட்டி அழுதாள். கடை திறந்திருந்தது. திருநாள் சாப்பாட்டுக்கு வந்த வெளியூர்க்காரர்களும் விருந்துக்காரர்களும் மரத்தடியில் கலந்து உட்கார்ந்தார்கள். அர்கிரோவின் தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சீட்டு வந்தது. ஆட்டுக்கறி, சோறு, ஒயின், ரகி, எல்லாமே பூஜ்யம்.

“மாமா, ஆடிட்டரா சொல்றேன். கறிக்கும் பூஜ்யம் போட்டீங்கன்னா வேற கேள்வி வரும்.”

“ஞானத்தகப்பனா சொல்றேன்,” என்றார் மனூசோஸ். “ஆறுறதுக்குள்ள சாப்பிடு.”