நான் சொல்லாத சேதி

நம்புகிறவர்கள் நம்புங்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். என் காதால் கேட்டதை நான் இல்லையென்று சொல்ல முடியாது.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். குழாய் ஒழுகினாலும் குடியிருப்பவர்கள் என்னிடம்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கு நான் சொல்வேன். அவர்கள் நேரடியாகப் பேசக் கூடாது, ஒருவர் நம்பர் இன்னொருவரிடம் இருக்கவும் கூடாது. நான் போட்ட சட்டம் அது. பேசினால் சண்டைதான். "அறிவிருக்கா அவங்களுக்கு?" என்று வீட்டுக்காரர் கத்தினால், "கொஞ்சம் பார்த்துக்கச் சொன்னார்" என்று இந்தப் பக்கம் சொல்வேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்கு அதுதான் பிழைப்பு.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு மாடி வீட்டுக்கு ஒரு நர்ஸும் அவள் கணவரும் குடிவந்தார்கள். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. பட்டு என்று கூப்பிடுவார்கள். என்னைக் கண்டால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்.

ஒருநாள் குழாய் பார்க்கப் போனேன். பின்பக்கத்துச் சின்ன அறையில் ஒரு சாமான்கூட இல்லை.

"ஏம்மா காலி பண்ணிட்டீங்க?"

"நீங்கதானேண்ணா போன்ல சொன்னீங்க? வீட்டுக்காரர் காலியா வைக்கச் சொன்னார்னு."

நான் சொல்லவில்லை. வேறு வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே உளறிவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வீட்டைக் கட்டி மேய்க்கிறவனுக்கு அது சகஜம்.

அடுத்த முறை போனபோது அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை.

"அதையும் கழட்டச் சொன்னீங்களே. கழட்டி முடிக்கிற வரைக்கும் லைன்லயே இருந்தீங்க" என்றார் கணவர்.

படியிறங்கும்போது என் போனைப் பார்த்தேன். அவர்கள் சொன்ன அந்த இரண்டு முறையும் அவர்களிடம் நான் பேசியதாக ஒரு காலும் பதிவாகவில்லை.

இரண்டு நாள் கழித்து, மாலை ஆறேகால். மோட்டார் விஷயமாக நர்ஸைக் கூப்பிட்டேன்.

"மெதுவாப் பேசுங்கண்ணா. பட்டு தூங்குறா. நீங்க சொன்னபடியே பின்னாடி ரூம்ல படுக்க வச்சுக் கதவைச் சாத்திட்டேன். பூச்சி மருந்து அடிக்க ஆள் எப்ப வருது?"

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"இப்பதானே... ஒரு நிமிஷம்ணா..."

"என்னம்மா?"

"உங்க நம்பர்லருந்தே இன்னொரு கால் வருது..."

"எடுக்காதீங்க!"

லைன் கட்டாகிவிட்டது.

இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தேன். ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது.

வாசல் கதவு திறந்திருந்தது. நர்ஸ் போனைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்தாள். முகத்தில் ரத்தமில்லை.

போனில் என் குரல்.

"இன்னும் கொஞ்ச நேரம்... திறக்காதீங்க..."

பிறகு போன் அடங்கியது.

அதே குரல் அறைக்குள் கேட்டது.

கொஞ்சுகிற குரல்... என் குரல்...

பட்டு கிளுகிளுவென்று சிரித்தது.

கதவை உதைத்துத் திறந்தேன்.

யாருமில்லை.

பட்டு நடு அறையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு கை மேலே தூக்கி... யாருடைய விரலையோ பிடித்திருப்பதுபோல் விரல்களை மூடி...

நர்ஸ் வாரி எடுத்தாள். அந்தக் கை அப்போதும் விரியவில்லை.

மறுநாளே அவர்களை ஊரின் அந்தக் கோடியில் வேறொரு வீட்டில் குடிவைத்தேன். குழந்தை தப்பியது போதுமடா சாமி என்று பெருமூச்சு விட்டபிறகுதான், காலி செய்துவிட்டார்கள் என்று வீட்டுக்காரருக்குச் சொன்னேன்.

"அப்ப அவங்களும் கூடவே போயிட்டாங்களா தம்பி?"

"எவங்க சார்?"

"என்ன தம்பி, நீங்கதானே கேட்டீங்க? குழந்தையைப் பார்த்துக்க ஒருத்தர் கூடவே இருக்கணும், சம்மதமான்னு. ஆயாவைச் சொல்றீங்கன்னு நினைச்சேன். சம்மதம்னு என் வாயால சொன்னாத்தான் ஆச்சுன்னு நின்னீங்களே."

அவரே மேலே சொன்னார்.

"குழந்தை எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே போவாங்கன்னீங்க. எனக்கென்ன... அதுக்கும் சம்மதம்னுட்டேன்."