நீர் செவப்பா போவும்

மலையூர்களிலிருந்து பலாவும் புளியும் ஏற்றி அடிவாரத்து ஆலங்காயத்தில் இறக்கும் மினி லாரியை ஓட்டியவர் என் கணவர். ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த எனக்குச் சிரிப்பு.

"பளிச்சுனுதானே கீது? இன்னாத்த தொடைக்கிறீங்க?"

"சிலந்தி வலையாட்டம் கறுப்பா தொங்குது. உனக்குத் தெரில?"

வலை அவருடைய இடது கண்ணுக்குள் இருந்தது. கண்ணின் ரத்தக் குழாய்கள் வீங்கிக் கசிகின்றன, காரணம் டிபி என்றார் வேலூர் டாக்டர். இருமலே வராத மனுஷனுக்கு டிபியா என்று நான் சண்டைக்கே போனேன். இடது கண் இனித் தேறாது, வலது கண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது என்றார் அவர். மாத்திரை கொடுத்த நர்ஸ், "நீர் செவப்பா போவும், பயப்படாதீங்க" என்றார். சிறுநீரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம். அப்படியே போயிற்று, நாங்களும் பயப்படவில்லை.

மூன்றாம் வாரம் நான் வெங்காயம் நறுக்க, எதிரில் இருந்தவருக்குக் கண் கலங்கியது. துடைத்த வெள்ளைத் துண்டில் செம்மஞ்சள் கறை. எனக்கு உயிரே போய்விட்டது.

"இருக்கற கண்ணுலயும் ரத்தம் வருது! இந்த மாத்திர வாணாம்."

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கலாமே."

நான் சொன்னால் சொன்னதுதான். மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சில நாளில் கண்ணீர் தெளிந்தது. எனக்குத்தான் எவ்வளவு பெருமை!

இரண்டு மாதம் கழித்து வலது கண்ணிலும் வலை விழுந்தது. ஊசி போட்டார்கள், ஆபரேஷனும் செய்தார்கள். துண்டில் கண்ட கறையையும் மாத்திரையை நிறுத்தியதையும் அப்போதுதான் சொன்னேன். "கண்ணீரும் நீர்தானேம்மா, அது மாத்திரையோட நெறம்" என்றார் டாக்டர். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பார்வை இனித் திரும்பாது என்பதை வெளியே கூப்பிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். உடம்பில் இருக்கும் டிபிக்காக மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள்.

இவர் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வண்டியை இன்னும் விற்கவில்லை. வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது.

தினமும் காலையில் முகம் கழுவியதும் கண்ணைத் துடைத்துத் துண்டை என் பக்கம் நீட்டுகிறார்.

"செவப்பா கீதா, பாரு."

"கீதுங்க."

"அப்ப மாத்திர வேல செய்யுது. பலா சீசனுக்குள்ள வண்டிய எடுத்துடலாம்."